நாலு பந்தயம், ஒரு வெற்றி கூட இல்லை: தரையைக் கவ்விய காரின் கதை

ஒரு பந்தயக் கார் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை பந்தயம் ஜெயித்தது?" என்பதுதான். சாப்பரல் 2ஜே என்ற காரைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் பூஜ்யம். 1970 ஜூலையில் அதன் முதல் பந்தயம், அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதி கடைசிப் பந்தயம். நடுவில் இரண்டு. ஆக மொத்தம் நாலு. அந்த நாலில் ஒன்றில் புறப்படும் இடத்துக்கே வந்து சேரவில்லை. இரண்டில் பாதியில் நின்றுவிட்டது. முழுசாக ஓடி முடித்தது ஒரே ஒரு தடவை, அதிலும் ஆறாவது இடம். பந்தயத்துக்கு வந்த காரும் ஒன்றே ஒன்றுதான்.

இதைப் படிக்கும் யாரும், "சரி, இது ஒரு தோல்விக் கதை" என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஒரு பந்தயமும் ஜெயிக்காத இந்தக் காரைப் பார்த்து மற்ற அணிகள் பயந்தன. சீசன் முடிந்ததும் தடை போட்டார்கள். தோற்றுக்கொண்டே இருந்த ஒரு காரை எதற்காகத் தடை செய்யவேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கார் பந்தயம் மட்டுமல்ல, விதிகள் எப்படி எழுதப்படுகின்றன, யாருக்காக வளைக்கப்படுகின்றன என்பதும் கொஞ்சம் புரியும்.

எண்ணெய் ஊரில் ஒரு பட்டறை

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் மிட்லண்ட் என்று ஒரு ஊர். பெட்ரோலியக் கிணறுகளை நம்பி வளர்ந்த ஊர். சுற்றிலும் வறண்ட சமவெளி. கார் தொழிலுக்குப் பெயர்போன டெட்ராய்ட் இங்கிருந்து வெகுதூரம். ஐரோப்பியப் பந்தய உலகம் இன்னும் தூரம்.

இந்த ஊரில்தான் ஜிம் ஹால், ஹேப் ஷார்ப் என்ற இரண்டு பேர் சேர்ந்து 1962-ல் சாப்பரல் கார்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். சாப்பரல் என்பது அந்தப் பக்கத்தில் தரையில் வேகமாக ஓடும் ஒரு பறவைக்குச் சொல்லும் பெயர். கார்ட்டூனில் வரும் ரோட் ரன்னர் பறவை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஹால் எண்ணெய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, அதனால் பணத்துக்குப் பஞ்சமில்லை. கால்டெக்கில் எஞ்சினியரிங் படித்தவர், கூடவே நல்ல ஓட்டுநர். படம் போடவும் தெரியும், செய்த காரைத் தானே ஓட்டிப் பார்த்து என்ன குறை என்று சொல்லவும் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு சோதனை ஓடுபாதை. பெயர் ராட்டில்ஸ்னேக் ரேஸ்வே. காலையில் ஒரு பாகத்தைச் செய்து சாயங்காலமே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்ற வசதி அன்றைக்குப் பெரிய பெரிய அணிகளுக்கே கிடையாது. இதற்கு மேல் இன்னொரு பலமும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அப்போது வெளிப்படையாகப் பந்தயத்தில் இறங்குவதில்லை என்று கொள்கை வைத்திருந்தது. ஆனால் அதன் ஷெவர்லே ஆராய்ச்சிப் பிரிவு எஞ்சினியர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவர்கள் மிட்லண்டோடு சேர்ந்து வேலை பார்த்தார்கள். 2ஜே என்ற காரின் அடிப்படை வேலைகளில் அவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே "கிராமத்துப் பட்டறை தனியாக உலகத்தை எதிர்த்தது" என்று சினிமாத்தனமாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

கேன்-ஆம்: விதிகள் இல்லாத பந்தயம்

கனடாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்து நடந்ததால் கேன்-ஆம் என்று பெயர். 1966-ல் தொடங்கிய போட்டி. ஃபார்முலா 1 மாதிரி எஞ்சின் இத்தனை லிட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் இங்கே இல்லை. இரண்டு இருக்கை இருக்கவேண்டும் (பேருக்கு), சக்கரங்களை உடல் மூடியிருக்கவேண்டும், இன்னும் சில பாதுகாப்பு விதிகள். மற்றபடி எவ்வளவு பெரிய எஞ்சின் வேண்டுமானாலும் போட்டுக்கொள். பரிசுப் பணமும் அதிகம். "உன்னால் என்ன முடியுமோ செய்துகொண்டு வா" என்பதுதான் இந்தப் போட்டியின் கவர்ச்சியே.

இந்தச் சுதந்திரத்தை ஜிம் ஹால் அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள் குறைவு. 1966-ல் அவர் கொண்டுவந்த சாப்பரல் 2இ காரில் பின்பக்கம் இரண்டு உயரமான கால்களின் மேல் ஒரு இறக்கை நின்றது. விமான இறக்கை மேலே தூக்கும், இது தலைகீழாக இருப்பதால் காரைக் கீழே அழுத்தும். அழுத்தினால் டயருக்குப் பிடிப்பு கூடும், வளைவில் வேகமாகப் போகலாம். ஆனால் நேர்ப்பாதையில் இதே இறக்கை காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். அதற்கும் ஹாலிடம் வழி இருந்தது. அவருடைய கார்களில் கிளட்ச் மிதி கிடையாது, அதனால் ஓட்டுநரின் இடது கால் சும்மாதான் இருக்கும். அந்தக் காலுக்கு ஒரு மிதி வைத்தார். நேர்ப்பாதையில் மிதித்தால் இறக்கை படுத்துக்கொள்ளும், வளைவு வரும்போது காலை எடுத்தால் பழையபடி சாய்ந்து நிற்கும். சுலபமான யோசனை, ஆனால் அதற்கு முன் யாரும் இப்படிச் செய்து ஜெயித்ததில்லை. அந்த வருடம் லகூனா செக்கா பந்தயத்தில் ஃபில் ஹில் இந்தக் காரை ஓட்டி ஜெயித்தார்.

உடனே எல்லோரும் இறக்கை வைக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஹால் மாதிரி கணக்குப் போட்டு வைக்கவில்லை. 1969-ல் ஸ்பெயினில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் இறக்கைகள் அடுத்தடுத்து உடைந்து மோசமான விபத்துகள் நடந்தன. அதற்கு அடுத்த பந்தயத்திலேயே உயரமான இறக்கைகளுக்குத் தடை வந்தது. காற்றின் விசையைப் பயன்படுத்தும் எந்தப் பாகமும் அசையக்கூடாது என்ற விதி கெட்டிப்பட்டது. 1970-க்குள் கேன்-ஆமுக்கும் அது வந்துவிட்டது. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கிடையில் 1968 நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த பந்தயத்தில் ஹால் முன்னால் போன காரில் மோதிப் படுகாயம் அடைந்தார். இரண்டு காலிலும் பலத்த அடி. அதன் பிறகு கேன்-ஆமில் அவர் ஓட்டவில்லை. 1969-ல் கொண்டுவந்த 2எச் காரோ படுதோல்வி. இறக்கையும் போச்சு, ஓட்டவும் முடியாது, கையில் இருந்த காரும் சரியில்லை. அந்த நிலைமையில்தான் 2ஜே வருகிறது.

காற்றின் எடை

2ஜே என்ன செய்தது என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும்.

நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றுக்கு எடை உண்டு. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு என்றால் சுமார் பத்து டன்! இது எல்லாப் பக்கமிருந்தும் சமமாக அழுத்துவதால் தெரிவதில்லை. ஒரு காரின் அடிப்பரப்பு மூன்று சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து 30 டன் அழுத்துகிறது, கீழிருந்தும் 30 டன் தாங்குகிறது. இப்போது காருக்கு அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சி, அங்கே அழுத்தத்தை வெறும் மூன்று சதவீதம் குறைத்தால் என்ன ஆகும்? 900 கிலோ வித்தியாசம். கிட்டத்தட்ட இன்னொரு காரைத் தூக்கி இந்தக் காரின் மேல் வைத்த மாதிரி. ஆனால் அப்படி நிஜமாகவே ஒரு காரை மேலே வைத்தால் எடை கூடிவிடும், எஞ்சின் அதையும் இழுக்கவேண்டும், பிரேக் அதையும் நிறுத்தவேண்டும். காற்றின் அழுத்தத்தில் அந்தத் தொல்லை இல்லை. டயரைத் தரையோடு அழுத்தும், ஆனால் சுமையாக இருக்காது.

இறக்கையும் இதைத்தான் செய்கிறது. ஆனால் இறக்கைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதன் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். மெதுவான வளைவில்தான் பிடிப்பு நிறைய வேண்டும், அங்கே இறக்கை கைவிட்டுவிடும். விசிறியால் உறிஞ்சினால் கார் எந்த வேகத்தில் போனாலும் ஒரே அழுத்தம். கார் நின்றுகொண்டிருந்தால் கூட அதே அழுத்தம்!

2ஜே-யின் பின்பக்கத்தில் பெட்டி மாதிரி ஒரு வால். அதில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பெரிய விசிறிகள், ஒவ்வொன்றும் 17 அங்குலம். ராணுவப் பீரங்கி வண்டியில் பயன்பட்ட விசிறிகள் அவை. அவற்றைச் சுற்றுவதற்கென்றே தனியாக ஒரு குட்டி எஞ்சின், பனியில் சறுக்கி ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளில் வரும் டூ ஸ்ட்ரோக் ரகம், சுமார் 45 குதிரைசக்தி. காரை ஓட்டுவதற்கு ஏழு லிட்டருக்கும் பெரிய ஷெவர்லே வி8 எஞ்சின் தனி. ஆக ஒரே காரில் இரண்டு எஞ்சின்.

காற்றை உறிஞ்சினால் மட்டும் போதாது, பக்கவாட்டிலிருந்து புதுக் காற்று உள்ளே வராமல் தடுக்கவேண்டும். அதற்காகக் காரின் ஓரங்களைச் சுற்றி லெக்சான் என்ற உறுதியான பிளாஸ்டிக் தகடுகளைப் பாவாடை மாதிரித் தொங்கவிட்டார்கள். இதில்தான் உண்மையான கஷ்டம். கார் வளைவில் சாயும், பிரேக் போட்டால் மூக்கு தாழும். தகடு தரையில் உரசினால் தேய்ந்துபோகும், மேலே எழும்பினால் காற்று புகுந்துவிடும். அதனால் கம்பிகளும் கப்பிகளும் வைத்து அந்தத் தகடுகளைச் சஸ்பென்ஷனோடு இணைத்தார்கள். கார் எப்படி ஆடினாலும் தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் அதே சின்ன இடைவெளி இருக்கும்படி.

குட்டி எஞ்சினைக் கிளப்பினால் நின்ற இடத்திலேயே கார் தரையோடு படியும். பார்த்தவர்களுக்கு அழகான கார் என்று தோன்றவில்லை, சதுரமான வெள்ளைப் பெட்டி. "வாக்குவம் கிளீனர்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "சக்கர் கார்" என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

நாலு பந்தயங்கள்

1970 சீசன் துக்கத்தோடுதான் தொடங்கியது. மூன்று வருடமாகக் கேன்-ஆமை ஆண்டுகொண்டிருந்த மெக்லாரன் அணியின் நிறுவனர் புரூஸ் மெக்லாரன், ஜூன் 2-ஆம் தேதி இங்கிலாந்தில் குட்வுட் மைதானத்தில் புதுக் காரைச் சோதிக்கும்போது இறந்துபோனார். அணியின் இன்னொரு ஓட்டுநர் டென்னி ஹல்மின் கைகள் அதற்குக் கொஞ்சம் முன்னால் இண்டியானாபோலிசில் தீயில் வெந்திருந்தன. அந்தக் கையோடு அவர் ஓட்டினார். இந்த அணிதான் 2ஜே-க்கு எதிரி. கதையில் வில்லன் என்று யாரும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

கார் தயாராகாததால் முதல் இரண்டு பந்தயங்களுக்கு 2ஜே வரவில்லை. மூன்றாவது பந்தயம் ஜூலை 12, நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென். ஓட்டியவர் முந்தைய வருட உலகச் சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட். புத்தம் புது கார், பழக்கம் இல்லாத ஓட்டுநர். அப்படியும் மூன்றாவது இடத்தில் புறப்பட்டார். பந்தயத்தின் மிக வேகமான சுற்றையும் ஓட்டினார். பிறகு பிரேக் கோளாறில் நின்றுவிட்டார். வளைவுக்கு வெகு அருகில் வரைக்கும் வேகமாக வந்து பிரேக் போடும் அளவுக்குப் பிடிப்பு இருந்தால், அந்தப் பாரம் முழுக்க பிரேக்கின் தலையில்தானே விழும்!

அதன் பிறகு பட்டறைக்குத் திரும்பி, செப்டம்பர் 13-ஆம் தேதி ஜார்ஜியாவில் ரோட் அட்லாண்டா பந்தயத்துக்கு வந்தது. இந்த முறை ஓட்டுநர் விக் எல்ஃபோர்ட். 1968-ல் மான்டி கார்லோ ராலியை ஜெயித்த ஆங்கிலேயர். தகுதிச் சுற்றில் முதலிடம், அடுத்தவரைவிட ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம். பந்தயத்தில் மெக்லாரன்களுக்குச் சோதனை, இரண்டுமே சிக்கலில் மாட்டின. அந்த சீசனில் நடந்த பத்துப் பந்தயங்களில் மெக்லாரன் ஜெயிக்காத ஒரே பந்தயம் இதுதான். 2ஜே ஜெயிப்பதற்கு இதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது. ஆனால் குட்டி எஞ்சின் தகராறு செய்தது, பிட்டுக்குள் போய் நிற்கவேண்டி வந்தது. ஜெயித்தவர் டோனி டீன், எஞ்சின் பலம் வெகு குறைவான போர்ஷ 908 காரில். 2ஜே ஆறாவது.

அக்டோபர் 18, கலிஃபோர்னியாவில் லகூனா செக்கா. தகுதிச் சுற்றில் மறுபடியும் முதலிடம், வித்தியாசம் சுமார் 1.8 விநாடி. ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடிக்கும் சின்னச் சுற்றில் 1.8 விநாடி என்பது மற்றவர்கள் வேறு பந்தயத்தில் ஓடுகிறார்கள் என்று அர்த்தம். பந்தயத்தன்று காலையில் பயிற்சி ஓட்டத்தில் பெரிய எஞ்சின் வெடித்தது. மாற்றுவதற்கு நேரம் இல்லை. காலியான முதலிடத்தைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் புறப்பட்டார்கள். ஹல்ம் ஜெயித்தார்.

நவம்பர் 1, ரிவர்சைட். மறுபடியும் முதலிடம், இந்த முறை இரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம். பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகளிலேயே குட்டி எஞ்சின் கைவிட்டது. கதை முடிந்தது.

கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மற்றவர்களுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு தடவையும் கார் உடைந்துகொண்டும் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு யாராலும் தொட முடியாத கார், ஒரு பந்தயத்தை ஓடி முடிக்கத் தெரியாத கார். பனிக்கட்டிமேல் ஓடும் வண்டிக்காகச் செய்த எஞ்சினைப் பந்தயம் முழுக்க ஓய்வில்லாமல் அலறவிட்டால் அது எத்தனை நாள் தாங்கும்? ஆனால் இது தீர்க்க முடியாத பிரச்சினையும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க மிட்லண்டில் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். எதிரிகளுக்குப் பயம் வந்தது இதனால்தான்.

தடை

சீசனுக்கு முன்னால் அமெரிக்கப் பந்தய அமைப்பான எஸ்சிசிஏ இந்தக் காரைப் பார்த்து சரி என்று சொல்லித்தான் ஓடவிட்டது. ஆனால் சீசன் போகப் போக மற்ற அணிகளின் புகார்கள் குவிந்தன. கடைசியில் உலக அமைப்பின் முடிவு வந்தது: விசிறி என்பது அசையும் காற்றியக்கப் பாகம், ஆகவே விதிக்குப் புறம்பானது. 1971-ல் 2ஜே ஓட முடியாது.

புகார் சொன்னவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். முதலாவது, காருக்கு அடியில் இருக்கும் தூசியையும் கல்லையும் விசிறி பின்னால் வருபவர் முகத்தில் வீசுகிறது என்றார்கள். இரண்டாவது, செலவு. இந்தக் கார் ஜெயிக்க ஆரம்பித்தால் மற்ற எல்லாக் கார்களும் ஒரே நாளில் பழைய இரும்பு. மெக்லாரன் மாதிரிப் பெரிய அணி சமாளித்துவிடும், அவர்களிடம் பழைய கார் வாங்கி ஓட்டும் சின்ன ஆட்கள் என்ன செய்வார்கள்? மூன்றாவதுதான் கனமான வாதம். விசிறியை நம்பி அசுர வேகத்தில் ஒரு வளைவுக்குள் நுழைந்தபின் அது நின்றுவிட்டால்? அல்லது தகடு உடைந்துவிட்டால்? பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது, ஒரே நொடியில் பாதி காணாமல் போகும். ஓட்டுநரின் திறமை அங்கே உதவாது. குட்டி எஞ்சின் அடிக்கடி நின்றுபோன ஒரு காரில் இது வெறும் கற்பனைப் பயம் இல்லை.

இந்த மூன்றில் எதையாவது வெளிப்படையாகச் சொல்லி, "ஆபத்தானது, அதனால் வேண்டாம்" என்று ஒரு புது விதி எழுதியிருந்தால் யாரும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அப்படிச் செய்யவில்லை. இறக்கைகள் உடைந்து விழுந்ததற்காக எழுதிய பழைய விதியை எடுத்து, விசிறிக்குப் பொருத்தினார்கள். அசையும் பாகம் என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியும்தான் அசைகிறது, சக்கரமும்தான் சுழன்று காற்றைக் கலைக்கிறது. எது எதற்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டு, எந்த வார்த்தை எங்கே உதவும் என்று பார்த்தார்கள். அசையும் இறக்கையை ஜெயித்துக் காட்டியவரே ஜிம் ஹால்தான். அவருடைய முதல் யோசனையால் வந்த விதி, அவருடைய இரண்டாவது யோசனையைக் கொன்றது என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி.

எல்லாவற்றுக்கும் மேலே, "உன்னால் முடிந்ததைச் செய்துகொண்டு வா" என்று அழைத்த போட்டி இது. ஒருவர் செய்துகொண்டு வந்தபின், "இந்த அளவுக்கு முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை" என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பிறகு

ஹால் கேன்-ஆமை விட்டே விலகினார். பிறகு ஃபார்முலா 5000, இண்டி என்று வேறு போட்டிகளில் அணி நடத்தினார். 1978-ல் அவருடைய அணி இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை ஜெயித்தது, 1980-ல் சாப்பரல் 2கே காரில் மறுபடியும் ஜெயித்தது. ஆளும் மூளையும் குறைந்துவிடவில்லை.

கேன்-ஆமின் கதி வேறு. ஒரே கார் எல்லோரையும் அடித்து நொறுக்கிவிடும், செலவு ஏறிவிடும் என்ற பயத்தில் 2ஜே-யை வெளியேற்றினார்கள். 1972-ல் போர்ஷ டர்போ எஞ்சினோடு வந்தது. 1973-ல் ஆயிரம் குதிரைசக்தியைத் தாண்டிய 917/30 காரில் மார்க் டோனஹ்யூ எட்டுப் பந்தயத்தில் ஆறை ஜெயித்தார். பயந்தது அப்படியே நடந்தது, வேறு வாசல் வழியாக. பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1974-உடன் பழைய கேன்-ஆம் முடிந்தது.

காருக்கு அடியில் அழுத்தத்தைக் குறைக்கும் யோசனையையும் தடையால் கொல்ல முடியவில்லை. 1977-லும் 78-லும் லோட்டஸ் அணி விசிறி இல்லாமல், அடிப்பாகத்தின் வளைவாலேயே அதைச் செய்து காட்டியது, பக்கத்தில் பாவாடைத் தகடுகளோடு. 1978 ஜூன் 17-ல் ஸ்வீடனில் கார்டன் மர்ரே வடிவமைத்த பிரபாம் பிடி46பி வந்தது, பின்னால் பெரிய விசிறியோடு! இது குளிர்விக்கத்தான் என்றார்கள், ரேடியேட்டரும் அதற்கேற்ற இடத்தில் இருந்தது. நிக்கி லாடா ஜெயித்தார். வெற்றியைச் செல்லும் என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அந்தக் கார் மறுபடியும் ஓடவில்லை. அதே வார்த்தை விளையாட்டுதான், இந்த முறை கார் செய்தவர்கள் விளையாடினார்கள். விதியை நேராக எழுதாவிட்டால் இரண்டு பக்கமும் வக்கீல்களாகிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாதுகாப்பு வாதமும் பொய்யாகவில்லை. வளைவு வேகம் எல்லை மீறிப் போனதால் ஃபார்முலா 1-ல் 1981-ல் நழுவும் பாவாடைகளுக்குத் தடை, 1983-ல் அடிப்பாகம் தட்டையாக இருக்கவேண்டும் என்ற விதி. இவை வேகத்தைக் குறைப்பதற்காக என்று சொல்லியே எழுதப்பட்டன. ஒரு தடையைக் காரணத்தோடு போட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

மர்ரே 2020-ல் வெளியிட்ட டி.50 என்ற சாலைக் காரின் பின்னால் ஒரு விசிறி இருக்கிறது. 2022-ல் மெக்மர்ட்ரி ஸ்பெர்லிங் என்ற குட்டி மின்சாரக் கார், விசிறியால் தரையை உறிஞ்சிக்கொண்டு, இங்கிலாந்தில் குட்வுட் மலைப்பாதையை 39.08 விநாடியில் ஏறி சாதனை செய்தது. 2ஜே-யில் அடிக்கடி காலை வாரிய குட்டி எஞ்சினுக்குப் பதில் இதில் மின்மோட்டார். 1970-ல் ஒரே குளிர்காலம் கேட்ட காருக்கு விடை வர ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

மிட்லண்டில் இருக்கும் பெட்ரோலிய அருங்காட்சியகத்தில் 2004-ல் சாப்பரல் கார்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். எண்ணெய் எடுக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் பந்தயக் கார்கள்! அந்த ஊரைப் பொறுத்தவரை இரண்டும் உள்ளூர் சரக்குதானே.

2ஜே-யை 1971-லும் ஓடவிட்டிருந்தால் ஒருவேளை எல்லாப் பந்தயத்தையும் ஜெயித்திருக்கும், ஒருவேளை மறுபடியும் குட்டி எஞ்சின் நின்று நின்று தானாகவே தோற்றிருக்கும். ஓடுபாதையில் முடியவேண்டிய அந்த வழக்கைக் கமிட்டி அறையில் முடித்துவிட்டார்கள். ஒரு யோசனை ஆபத்தானது என்றால் அதைச் சொல்லி நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் அது அடுத்த வருடம் ஜெயித்துவிடுமோ என்ற பயத்தை விதியின் ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளித்துவைத்தால், அடுத்து புதிதாக யோசிக்கிறவன் காரைப் பற்றி யோசிக்கமாட்டான், விதிப் புத்தகத்தைத்தான் திருப்பிக்கொண்டிருப்பான்.